வாலபி தொடைக்கறி வறளாமல் வேக வழி சொல்லுங்கள்

நியூசிலாந்தின் வைமாட்டே பக்கம் வேட்டைக்குப் போகிறவர்கள், மான்கறி சமைத்துப் பழகியவர்கள் உதவுங்கள். 1874-ல் அங்கே கொண்டுவந்து விட்ட பென்னட்ஸ் வாலபி (சிறிய கங்காரு போன்ற விலங்கு) மேய்ச்சல் புல்லையும் காட்டு மரக்கன்றுகளையும் தின்று தீர்க்கிறது, சுடத்தான் வேண்டும். ஆனால் நல்ல இறைச்சியை மலையிலேயே அழுகவிடுவது சரியில்லை.

1080 என்ற விலங்குக்கொல்லி நச்சு வைத்த எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் சுட்டதைச் சாப்பாட்டுக்கு எடுப்பதே இல்லை. மற்ற இடங்களில் உடனே குடலை நீக்கி, காற்றுப்படத் தொங்கவிட்டுச் சூடு ஆற்றுகிறோம்.

வால் பிரச்சினையே இல்லை. சிறு தீயில் மூன்று மணி நேரம் கொதித்தால் பசை இறங்கிக் குழம்பு கெட்டியாகிவிடும். முதுகுச் சதையையும் சவ்வு உரித்து, மெல்லிசாக நறுக்கி மிளகு வறுவல் செய்துவிடலாம். (டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பயம் உண்டு, உள்ளே சிவப்பு நிற்கக் கூடாது.)

சிக்கல் தொடைதான். கொழுப்பே கிடையாது. குக்கரில் நாலைந்து விசிலுக்கு நார்நாராகப் பிரிந்து சக்கையாகிறது, குறைத்தால் ரப்பர். ஆட்டுக்கொழுப்பு சேர்ப்பவர்கள் கிலோவுக்கு எவ்வளவு போடுகிறீர்கள்? தயிரா, பச்சைப் பப்பாளியா, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்? கொத்தி கோலா உருண்டை பிடித்தவர்கள் இருந்தால், உதிராமல் இருக்க என்ன சேர்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.