காசிமேட்டு படங்களை கேலரில மாட்ட கூப்பிடறாங்க, பத்து படத்தை எப்படி பொறுக்கறது, புக்கும் போடணுமா?

மேட்டுத்தெரு:

வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க. நாங்க தண்டையார்பேட்டை. அம்மா காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து தெருத்தெருவா விக்கறவங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடில இருந்தே. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு முட்டி வலி வந்துச்சு, அதுல இருந்து விடியக்காலைல ரெண்டு மணிக்கு நானும் கூட போறேன், கூடையை நான் தூக்கிப்பேன், ஏலம் அவங்க கேப்பாங்க. சும்மா நிக்கற நேரத்துல போன்ல படம் எடுக்க ஆரம்பிச்சது இப்ப நாலாயிரத்துக்கு மேல சேந்துடுச்சு. ஐஸ் உடைக்கற மிஷின்ல இருந்து தூள் பறக்கறது, டியூப்லைட் வெளிச்சத்துல அம்மா ஈரக்கையோட பத்து ரூபா நோட்டை ஒவ்வொண்ணா பிரிச்சு எண்றது, ஏலம் விடறவர் வாயைத் தெறந்து கைய மேல தூக்கி நிக்கறது, லாஞ்ச்ல (விசைப்படகுல) இருந்து சங்கரா மீனை கூடை கூடையா கை மாத்தி எறக்கறது, இந்த மாதிரி. பல படத்துல ஒரு மூலைல மங்கலா ஒரு வட்டம் இருக்கும், என்னடான்னு பாத்தா லென்ஸ் மேல மீன் செதில் ஒட்டியிருக்கு.

போன மாசம் ஆயிரம் விளக்கு பக்கம் ஒரு கேலரில இருந்து பேசினாங்க. மே மாசம் நாலு பேர் சேந்து ஒரு எக்ஸிபிஷன், எனக்கு ஒரு சுவர், பத்து படம். கூடவே ஒரு டேபிள் தர்றோம் போட்டோபுக் இருந்தா வைங்க, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து படத்தை பத்தி பேசுங்கன்னாங்க. சந்தோஷம்தான், ஆனா ராத்திரி தூக்கம் வரல. நாலாயிரத்துல பத்தை எப்படி எடுக்கறது? போன் படம் பெருசா பிரிண்ட் போட்டா தாங்குமா? புக் போட கைல பெரிய பணம் இல்ல. எல்லாத்துக்கும் மேல, அம்மாகிட்ட சொன்னா "அங்கல்லாம் நான் வந்து இன்னா பண்ணப்போறேன், ஏசி ரூம்ல மீன் வாடை அடிக்கும், நீ போய்ட்டு வா"ன்றாங்க. படத்துல இருக்கற ஒருத்தர் கூட வராத எக்ஸிபிஷனை நான் எதுக்கு வைக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபிலிம்ரோல்:

தோழி, நான் பெரம்பூர்ல ஸ்டுடியோவும் லேபும் வெச்சிருக்கேன், பிரிண்ட் சமாச்சாரம் மட்டும் நான் சொல்றேன். முதல்ல ஃபைல். வாட்ஸப்ல அனுப்பின படத்தை எடுத்து பிரிண்டுக்கு குடுத்துடாதீங்க, அது படத்தை சுருக்கி சுமார் 1600 பிக்ஸலுக்கு கொண்டு வந்துடும், போஸ்ட்கார்டு சைஸுக்கு மேல போனா பிசிறடிக்கும். போன்ல இருக்கற ஒரிஜினலை கேபிள் போட்டு எடுங்க, இல்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க. 12 மெகாபிக்ஸல் போன்னா 4000க்கு 3000 பிக்ஸல் வரும், 250 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 250 புள்ளின்னு கணக்கு போட்டா கரெக்டா 16க்கு 12 இன்ச். அது கேலரி சுவருக்கு ரொம்ப நல்ல சைஸ். ரெண்டு படத்தை மட்டும் இன்னும் பெருசு பண்ணலாம், ஏன்னா பெரிய படத்தை ஜனங்க தள்ளி நின்னு பாப்பாங்க. விடியக்காலை இருட்டுல எடுத்ததுல புள்ளி புள்ளியா இருக்கும், அதை ஆப்ல போட்டு வழவழன்னு ஆக்கிடாதீங்க, அம்மா கைல இருக்கற வெடிப்பு ரேகை எல்லாம் மெழுகு மாதிரி ஆயிடும்.

பேப்பர் மேட்லயே போங்க. கிளாஸி போட்டா கேலரி லைட்டு முழுக்க படத்துல தெரியும், கண்ணாடி ஃப்ரேம் போட்டாலும் அதே கதைதான். காட்டன் பேப்பர்ல பிக்மெண்ட் இங்க்ல போட்டா ரொம்ப காலம் நிக்கும், செலவு ஜாஸ்தி, பத்துலயும் வேணாம்னு தோணினா ரெண்டு மூணு படத்துக்கு மட்டும் அது. சன்போர்டுல (லேசான ஃபோம் அட்டைல) ஒட்டித் தர்றேன்னு சொல்வாங்க, சல்லிசுதான், ஆனா நம்ம கடலோர ஈரத்துக்கு ஒரு மாசத்துல வளையும், மெலிசான 3 எம்எம் போடாம 5 எம்எம் கேளுங்க. பத்தையும் மொத்தமா ஓட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஷீட்ல ஒவ்வொரு படத்துல இருந்தும் ஒரு துண்டு வெச்சு டெஸ்ட் பிரிண்ட் எடுங்க. போன் ஸ்க்ரீன்ல பளிச்சுனு இருக்கறது பேப்பர்ல இருட்டா விழும், எனக்கு தெரிஞ்சு பணத்தை வீணாக்கினவங்கள்ல முக்காவாசி பேர் இந்த ஒரு வேலைய செய்யாதவங்கதான்.

பொறுக்கறதுக்கு ஒரே வழி, நூத்தம்பது இருநூறு படத்தை 4க்கு 6 சைஸ்ல சாதா பிரிண்ட் போட்டு வீட்டுல தரைல பரப்புங்க. ஸ்க்ரீன்ல தள்ளித் தள்ளி பாத்தா எது எதோட சேருதுன்னு தெரியாது. ஒரு வாரம் வெச்சிருங்க, அம்மா தாண்டி போகும்போது எந்த படத்துக்கிட்ட நிக்கறாங்கன்னு பாருங்க.

எண்ணூர்க்காரி:

நான் உங்களுக்கு வேற ஒண்ணு சொல்லணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எங்க முகத்துவாரம் முழுக்க படிஞ்சது எல்லாருக்கும் தெரியும். அப்ப எங்கப்பா வலையோட, கையெல்லாம் கறுப்பா, படகுல ஒக்காந்திருந்தாரு. நிறைய பேர் வந்து படம் எடுத்தாங்க, நல்லதுதான், வெளிய தெரியணும்ல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு வேலையா சிட்டிக்குள்ள போனவ, ஒரு கேலரில போட்டோ எக்ஸிபிஷன்னு போர்டு பாத்துட்டு உள்ள போனேன். உள்ள போனா எங்கப்பா, சுவர்ல, என் உசரத்துக்கு. கீழ இங்கிலீஷ்ல மீனவர், எண்ணூர்னு மட்டும் போட்டிருந்துச்சு. எடுத்தவங்க பேர் இருந்துச்சு, பிரிண்ட் விலை இருந்துச்சு, எங்கப்பா பேர் மட்டும் இல்ல. அந்த படம் அங்க இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லக்கூட இல்ல. அங்க நின்னு அழுதேன், யார்கிட்ட என்ன கேக்கறதுன்னு தெரியாம வந்துட்டேன். படம் நல்ல படம், அதுதான் இன்னும் வலிச்சுது.

அதனால கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன். ஒவ்வொரு படத்துல இருக்கறவங்ககிட்டயும் போய் இந்த படத்தை மாட்டப்போறேன், சரியான்னு கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க. அவங்க எப்படி பேர் போடச் சொல்றாங்களோ அப்படியே போடுங்க. சிலருக்கு சொந்தப் பேர் போடறது பிடிக்காது, பட்டப்பேர்தான் ஏலக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும், அதுவும் சரிதான். கேப்ஷன் தமிழ்ல மேல, இங்கிலீஷ் கீழ. மீனுக்கும் பேர் போடுங்க, சும்மா மீன்னு போடாம சங்கரா, காரப்பொடி, நெத்திலின்னு. பிரிண்ட் வித்தா அந்த காசுல அவங்களுக்கு என்ன பங்குன்னு இப்பவே கேலரிகிட்ட பேசிடுங்க. வாயால பேசினது நிக்காது, மெயில்ல எழுதி வாங்குங்க.

பழைய டார்க்ரூம்:

நான் எழும்பூர் ஓவியக் கல்லூரில படிச்சவன், இப்ப ரிட்டயர்டு. அலெக்ஸாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் 1850ல ஆரம்பிச்ச ஸ்கூல்தான் அது, 1850கள்லயே அங்க போட்டோகிராஃபி சொல்லிக்குடுத்திருக்காங்க. நம்ம ஊருக்கு படம் எடுக்கறது ஒண்ணும் புதுசில்லம்மா. அதே காலத்துல லின்னேயஸ் ட்ரைப்னு ஒருத்தர், மெட்ராஸ் அரசாங்கத்துக்காக மதுரை, தஞ்சாவூர்னு சுத்தி படம் எடுத்தாரு. 1858ல தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தோட அடில ஓடற கல்வெட்டு இருக்கே, அதை ஒரே படத்துல பிடிக்க முடியாது, நகந்து நகந்து எடுத்து 21 பிரிண்ட்டை ஒட்டி கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையா ஆக்கியிருக்காரு. இதை ஏன் சொல்றேன்னா, பத்து படம்னா பத்து தனித்தனி ஃப்ரேம்தான்னு நினைக்காதீங்க. ஏலக்கூடத்துல அம்மாக்கள் வரிசையா கூடையோட ஒக்காந்திருப்பாங்களே, அதை இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து எடுத்தது இருந்தா ஒரே நீளப் பட்டையா மாட்டலாம், கேலரிகிட்ட அதை ஒரு படமா கணக்கு வெச்சுக்க சொல்லி கேளுங்க. பாக்கறவங்க அந்த வரிசைய ஒட்டி நடந்துதான் ஆகணும், கூடத்துல நடக்கற மாதிரியே.

புக்குக்கும் இதே வழிதான். தயானிதா சிங்னு ஒரு போட்டோகிராஃபர் 2017ல கொண்டு வந்த மியூசியம் பவன்ற புக், ஒரு பெட்டிக்குள்ள ஒன்பது குட்டி புக்கு, எல்லாம் விசிறி மாதிரி மடிச்சது, இழுத்து நிக்க வெச்சா மேசை மேலயே ஒரு எக்ஸிபிஷன். உங்களுக்கு அவ்ளோ பெருசா வேணாம். டிஜிட்டல் பிரஸ்ல 13க்கு 19 ஷீட் ரெண்டு போதும். ஒவ்வொண்ணையும் 18 இன்ச் நீளம் 6 இன்ச் அகலம்னு ரெண்டு பட்டையா வெட்டி, மூணு மூணா மடிச்சு, நாலு பட்டையையும் ஒட்டுங்க. 12 பக்கம், விரிச்சா ஆறடிக்கு கொஞ்சம் கம்மி. ஒட்டறதுக்கு ஓரத்துல அரை இன்ச் விட்டு டிசைன் பண்ணுங்க, அப்புறம் கெட்டி போர்டா இருந்தா மடிக்கற எடத்துல முன்னாடியே அழுத்தி க்ரீஸ் கோடு போட சொல்லுங்க, போடாட்டி மடிப்புல கலர் வெடிச்சு வெள்ளையா தெரியும். பேப்பர் வாங்க பாரிஸ் கார்னர்ல ஆண்டர்சன் தெருவுக்கு நீங்களே போங்க, தொட்டுப் பாத்து வாங்கலாம். முதல்ல ஜெராக்ஸ் பேப்பர்ல ஒரு டம்மி பண்ணி மடிச்சுப் பாருங்க. நல்ல படம் எல்லாத்தையும் உள்ள திணிக்காதீங்க. ஏலம் விடறவர் கை மேல போற படத்துக்கு அடுத்த பக்கத்துல அம்மா நோட்டு எண்ற கை வந்தா, நடுவுல ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்ல.

இன்னொண்ணு, பழனி குமார் படங்கள் பாத்திருக்கீங்களா? துப்புரவுத் தொழிலாளர்களை பல வருஷமா எடுக்கறவர், 2022ல தயானிதா சிங் பாரி விருது (பாரின்னா கிராமத்து ஜனங்க வாழ்க்கைய பதிவு பண்ற இணையதளம்) முதல் முதல்ல அவருக்குத்தான் குடுத்தாங்க. அவங்கம்மாவும் மதுரைல மீன் விக்கறவங்க. அம்மாவை அவர் எடுத்த படங்கள் பாரி இணையதளத்துல இருக்கு, அவரே எழுதினது, தமிழ்லயே படிக்கலாம். இன்னிக்கே பாருங்க.

சிவப்புக்கூடை:

2019ல சென்னை போட்டோ பினாலேன்ற போட்டோ திருவிழா செனட் ஹவுஸ்ல நடந்தப்ப வாலண்டியரா நின்னேன், அதுக்கப்புறமும் நிறைய எக்ஸிபிஷன்ல படம் மாட்ற வேலை பண்ணியிருக்கேன். பிரிண்ட்டு புக்கு எல்லாம் மேல சொல்லிட்டாங்க. அம்மா வர்றதை பத்தி யாரும் சொல்லல, அதனால சொல்றேன்.

மே மாசம்னா மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15 ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்ச் கடலுக்கு போகாது, சின்ன ஃபைபர் படகு மீன் மட்டும்தான். அம்மாக்களுக்கு வேலை கம்மி, வர்றதுக்கு நேரம் இருக்கும், ஆனா கைல காசும் இருக்காது. அதனால போக வர செலவை கேலரி ஏத்துக்கணும்னு தயங்காம கேளுங்க, ஓப்பனிங்ல வர்றவங்களுக்கு டீ ஸ்நாக்ஸ் வாங்க பட்ஜெட் இருக்கும், அதுல இருந்தே பண்ணலாம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேணாம். ஞாயித்துக்கிழமைதான் வியாபாரம், சனிக்கிழமை அவங்க ஏழு மணிக்கெல்லாம் படுத்தாகணும். வாரநாள் ஒண்ணுல மதியம் மூணு மணிக்கு அம்மாக்களுக்குன்னே ஒரு தடவை தெறந்து வைக்க சொல்லுங்க, ஓப்பனிங்குக்கு முன்னாடி நாள். முதல்ல பாக்கறவங்க அவங்களா இருக்கட்டும். தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா எங்கயும் மாறாம ஆயிரம் விளக்குல எறங்கலாம், அதே ப்ளூ லைன்தான். முட்டி வலிக்கு லிஃப்ட் இருக்கு.

கேலரில பொதுவா படத்தோட நடு தரைல இருந்து 57, 60 இன்ச்ல வர்ற மாதிரி மாட்டுவாங்க. நம்ம அம்மாங்கள்ல நிறைய பேர் அஞ்சடிக்கு கீழ, 54 இன்ச்ல மாட்ட சொல்லுங்க, மத்தவங்க குனிஞ்சு பாக்கட்டும். குறைஞ்சது நாலு நாற்காலி போட சொல்லுங்க. கேட்டுல இருக்கற செக்யூரிட்டி அண்ணன்கிட்ட முன்னாடி நாளே நீங்களே நேர்ல போய் சொல்லுங்க, கூடையோட வந்தாலும் உள்ள விடணும்னு. நான் பாத்த வரைக்கும் நம்ம ஏரியா ஆளுங்க பாதி பேர் திரும்பிப் போறது அந்த கேட்டுலதான், யாரும் போகாதன்னு சொல்லலன்னாலும், எங்க போறீங்கன்ற ஒரு கேள்வியே போதும்.

பேசற அன்னிக்கு தமிழ்ல பேசுங்க. இங்கிலீஷ் வேணும்னா அவங்க ஒருத்தரை வெச்சு சொல்லிக்கட்டும்.

மேட்டுத்தெரு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு எழுதறேன். எண்ணூர்க்காரி அக்கா, நீங்க எழுதினதை அம்மாகிட்ட படிச்சு காமிச்சேன், ஒண்ணும் பேசல, உங்கப்பா பேர் என்னன்னு கேட்டாங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க, நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்.

ஃபிலிம்ரோல் அண்ணா சொன்ன மாதிரி நூத்தி எண்பது பிரிண்ட் போட்டு ஹால்ல பரப்பினேன். நான் முதல்ல எடுத்து வெச்சது சூரியன் உதிக்கறப்ப லாஞ்ச் எல்லாம் வரிசையா நிக்கற படம், பாக்கறவங்க எல்லாரும் சூப்பர்ன்னு சொன்ன படம். அம்மா அதை எடுத்து ஓரமா வெச்சிட்டு, "இதை பீச்சுக்கு வர்றவன் கூட எடுப்பான்"னாங்க. அப்புறம் பக்கத்து தெரு பெரிம்மா படம் ஒண்ணை கைல எடுத்தாங்க. பெரிம்மா போன வருஷம் எறந்துட்டாங்க, அம்மா கூட ஒண்ணா ஏலத்துக்கு போனவங்க. படம் ஆடிப்போய் இருக்கு, முகம் பாதிதான் தெரியும், கூடையை தலைல ஏத்தறப்ப எடுத்தது, செதில் வட்டமும் இருக்கு, டெலீட் பண்ணிடலாம்னு நெனச்சிருந்த படம். அம்மா இதுதான் முதல்ல மாட்டணும்னு சொல்லிட்டாங்க. பெரிம்மா மககிட்ட போய் கேட்டோம், சரின்னுச்சு, பேர் என்ன போடணும்னு கேட்டதுக்கு "காரப்பொடி அம்மான்னு போடு, அதான் எல்லாருக்கும் தெரியும்"னுச்சு.

கேலரில பேசிட்டேன், புதன்கிழமை மதியம் மூணு மணிக்கு தெறக்கறேன்னாங்க, மெட்ரோ செலவும் அவங்களே. அம்மாவோட சேத்து பதினோரு பேர் வர்றாங்க. பெரிம்மா மகளும் வருது.