கறுப்பினப் பாஞ்சோ, ஃபிடில் கலைஞர்களுக்குத் தனி நல்கை எதற்கு?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பாஞ்சோ என்னும் தோல் போர்த்திய நரம்புக்கருவியும் ஃபிடில் எனப்படும் வயலினும் முன்னின்று ஒலிக்கும் அமெரிக்காவின் பழைய நடன இசையை, அதாவது ‘ஓல்ட்-டைம்’ இசையை, அண்மைக்காலமாக விரும்பிக் கேட்டு வருகிறேன். இதைக் கற்கவும் கற்பிக்கவும் கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே நல்கை (உதவித்தொகை) வழங்கப்படுவதாக அறிந்தேன். நான் பார்த்த காணொளிகளிலோ பெரும்பாலும் அப்பலாச்சிய மலைப்பகுதி வெள்ளையர்களே வாசிக்கிறார்கள். அப்படியிருக்கத் தனி நல்கை எதற்கு? கற்பவர் கற்பிக்கவும் வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறார்கள்?

பதில் 1:
பாஞ்சோவின் மூலமே ஆப்பிரிக்காதான். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய மேற்கு ஆப்பிரிக்க நரம்புக்கருவிகளின் வழியில், கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் கைகளில் அது உருப்பெற்றது. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங்கைக் கவனித்துப் பாருங்கள். விரல் நகத்தால் நீண்ட தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி, உடனே கட்டைவிரலால் குட்டைத் தந்தியை மீட்டுகிறார்கள். பழைய பாஞ்சோ வாசிப்பும் இதே முறைதான். பிற்பாடு, முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய மின்ஸ்ட்ரல் மேடைகள் வழியாக அது வெள்ளையரிடையே பரவியது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்கு ‘ரேஸ்’ என்றும் தென்மாநில வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’ என்றும் பட்டியலைப் பிரித்தன. கறுப்பினக் கலைஞர்களிடம் ப்ளூஸ் என்னும் பாடல் வகையையே நாடியதால், அவர்களுடைய ஃபிடில் இசை மிகக் குறைவாகவே பதிவானது. இன்றைய காணொளிகளில் அவர்களை அரிதாகவே காண்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஜோ தாம்சனையும் (1918–2012) சேர்த்துச் சொல்ல வேண்டும். வட கரோலைனாவின் மெபேன் பகுதியைச் சேர்ந்த அவர், குடும்பத்தாரின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்து, ஊரார் ஆடும் நடனங்களுக்கு ஃபிடில் வாசித்தவர். 2005இல் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை நடந்தது. அதன்பின் ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய இளைஞர்கள், எண்பது வயதைக் கடந்திருந்த அவர் வீட்டிற்கே சென்று உடன் வாசித்துப் பழகினார்கள். அப்படி உருவான கரோலைனா சாக்லேட் டிராப்ஸ் குழு 2011இல் கிராமி விருது பெற்றது. தாம்சனுக்கு 2007இலேயே தேசிய மரபுக்கலை நல்கை கிடைத்திருந்தது. ஃபிடிலை வாசிக்கும் வில்லை எங்கே அழுத்துவது, எங்கே தளர்த்துவது என்பதை இசைக்குறிப்பு முழுதாகச் சொல்லிவிடாது. எதிரே அமர்ந்து வலக்கையைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பயணச்செலவும் வீட்டு வாடகைக் கவலையில்லாத சில மாதங்களும் தேவை. நல்கை அதைத்தான் தருகிறது.

பதில் 3:
கற்பித்தல் குறித்து என் கருத்து: மூத்தவர் ஒருவர் மறைந்தால் அறுந்துவிடும் நிலையில் இருக்கும் மரபை, கற்றவர் மேடையோடு நிறுத்திக்கொள்வது போதாது. திருவிழாப் பயிலரங்குகளுக்குப் பணம் கட்டி வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களே என்பதால், கறுப்பினக் குழந்தைகள் வாழும் பகுதியின் நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ வாரந்தோறும் நடக்கும் இலவச வகுப்புக்கு நல்கையில் இடம் இருக்க வேண்டும். பாஞ்சோக்களை இரவல் கொடுக்கவும் தொகை ஒதுக்க வேண்டும். வகுப்பில் மட்டும் தொட்டுப் பார்க்கும் குழந்தைக்குக் கட்டைவிரல் பழக்கம் படியாது.