புதுப்பிப்பு: நீள முடியின் நுனி வெடிப்பு, எது பலன் தந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இடுப்பைத் தாண்டிய முடி, நுனி வெடித்துச் சீப்பில் சிக்குகிறது, நீளம் குறையாமல் சரிசெய்ய முடியுமா என்று மதுரையிலிருந்து கேட்டிருந்தேன்.

வெடித்த நுனி எந்த எண்ணெய் வைத்தாலும் மறுபடி ஒன்றாக ஒட்டாது. சீரம் தடவினால் வழவழப்பாகத் தெரியும், தலைக்குக் குளித்ததும் மறுபடி பிளந்து நிற்கும். வெட்டித்தான் ஆக வேண்டும்.

கைகொடுத்தது, கற்றையை முறுக்கி வெட்டச் சொன்ன அக்காவின் யோசனை. விரல் தடிமனுக்கு முடியை எடுத்து முறுக்கினால், சேதமானவை பக்கவாட்டில் சிலிர்த்து நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் சில நுனிகள் கவட்டையாகப் பிரிந்திருக்கும், சிலவற்றில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அத்தை அதை ஈர் என்றார். ஈர் தலைத்தோலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். இது முடி முறியும் இடம், லேசாக இழுத்தாலே அங்கே அறுந்துவிடும். அதற்குக் கால் அங்குலம் மேலே வெட்டினேன். முடிவெட்டும் கத்தரியே வேண்டும், மொக்கைக் கத்தரி நுனியை நசுக்கி மறுபடி பிளக்க வைக்கும்.

எதிர்பாராதது, பிடரியில் கிடந்த குட்டை முடிகள். மல்லிகைச் சரம் குத்தும் ஹேர்பின்னில் முனைக் குமிழ் உதிர்ந்து, கம்பி முடியை அறுத்திருக்கிறது. பின்னை மாற்றிவிட்டேன். சடை நுனிக்கு ரப்பர் பேண்டு போய்த் துணி ரிப்பன் வந்தாச்சு.

தலைக்குக் குளிக்கும் போர்வெல் தண்ணீரை மாற்ற வழியில்லை. குளிக்கும் முன் நுனியில் தேங்காய் எண்ணெய் வைப்பதால் புது வெடிப்பு குறைந்திருக்கிறது. முடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், அதனால் நீளம் அப்படியே இருக்கிறது.