பயாப்ஸி இடுக்கிக்கு 20 நிமிட ஊறல் போதுமா?

செவிலியர் மாணவி:
வணக்கம். எனக்கு இம்மாதம் எண்டோஸ்கோப்பி பிரிவில் பயிற்சி. இங்கே இரைப்பையைப் பார்க்கும் குழாயையும், அதன் வழியே செலுத்தித் திசு எடுக்கும் பயாப்ஸி இடுக்கியையும் ஒரே தொட்டியில், 2 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து, அலசி, அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்துகிறார்கள். மூத்த செவிலியர் அக்காவிடம் கேட்டதற்கு, அந்தக் கரைசலில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றார். பாடத்திலோ, ஒரு கருவி ஸ்டெரைல் (எந்தக் கிருமியும் உயிரோடு இல்லாத நிலை) ஆவதற்கு அதே கரைசலில் 10 மணி நேரம் தேவை என்று இருக்கிறது. குழாய்க்குப் போதுமான 20 நிமிடம் இடுக்கிக்கு ஏன் போதாது?

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்:
நியாயமான ஐயம், தங்கையே. ஒரு கருவி உடலில் எதைத் தொடுகிறது என்பதைக் கொண்டே அதை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்று முடிவு செய்கிறோம். எர்ல் ஸ்பால்டிங் 1968-இல் விளக்கிய இந்தப் பகுப்பையே இன்றும் பின்பற்றுகிறார்கள். காயமில்லாத தோலில் படும் ரத்த அழுத்தப் பட்டைக்கு எளிய தொற்றுநீக்கம் போதும். சளிச்சவ்வைத் தொடும் இரைப்பைக் குழாய்க்கு உயர்நிலைத் தொற்றுநீக்கம் வேண்டும். உங்கள் 20 நிமிட ஊறல் அந்த வகைதான்: சாதாரண பாக்டீரியா, காசநோய்க் கிருமி, வைரஸ், பூஞ்சை ஆகியவை அதில் அழிந்துவிடும், ஆனால் ஸ்போர்கள் (சில பாக்டீரியாக்கள் எடுக்கும், எளிதில் அழியாத உறங்குநிலை வடிவம்) மிகுதியாக இருந்தால் சில தப்பிவிடும். சிதையாத சளிச்சவ்வு பொதுவாக அவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை என்பதால் குழாய்க்கு அதை ஏற்கிறோம். இடுக்கி அந்தச் சவ்வையே கிள்ளி எடுத்து ரத்தம் கசியச் செய்கிறது. ஆகவே அறுவைக் கத்திக்கு உரிய விதியே அதற்கும் உரியது, அது ஸ்டெரைலாகவே இருக்க வேண்டும். "எந்தக் கிருமியும் பிழைக்காது" என்பது மருத்துவமனைகளில் மிக எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம்.

சி.எஸ்.எஸ்.டி. (மருத்துவமனையின் மையக் கிருமிநீக்கப் பிரிவு) தொழில்நுட்பர்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஊறவைப்பதற்கு முன் எப்படிக் கழுவுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். குளூட்டரால்டிஹைடு புரதத்தை இறுகச் செய்யும் தன்மை உடையது. ரத்தமும் சளியும் ஒட்டிய கருவியை அப்படியே அமிழ்த்தினால் அழுக்கு உலோகத்தோடு இறுகிப்போகும், அதற்கு அடியில் உள்ள கிருமிகளைக் கரைசல் எட்டாது. இடுக்கியின் சுருள்கம்பிக்குள் புகுந்த அழுக்கைத் தூரிகையாலும் எடுக்க முடியாது. அதற்கு நொதி கலந்த நீரும் அல்ட்ராசோனிக் கழுவியும் வேண்டும். இன்னொன்று: ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமிகளை அழிக்கும் கலன்) வைக்கும் பொதியின் மேல் ஒட்டும் டேப்பில் கோடு கறுத்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். பொதி வெப்பத்துக்கு ஆட்பட்டது என்பதை மட்டுமே அது காட்டும். நீராவி உள்ளே சென்றதா என்பதைப் பொதிக்குள் வைக்கும் வேதிக் காட்டியும், ஸ்போர்கள் உண்மையிலேயே இறந்தனவா என்பதை வாரம் ஒருமுறையேனும் செய்யும் ஸ்போர் சோதனையும்தான் சொல்லும்.

செவிலியர் மாணவி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால், இடுக்கியை மட்டும் இரவு முழுவதும் அதே கரைசலில் விட்டுவிடலாமா?

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்:
விதிப்படி 10 மணி நேரம் சரிதான். நடைமுறையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே எடுத்ததும் ஸ்டெரைல் நீரில் அலசி உடனே பயன்படுத்தியாக வேண்டும்; உறையிட்டு வைக்க வழியில்லை என்பதால் மேசையில் வைத்த சிறிது நேரத்திலேயே பயன் போய்விடும். உங்கள் இடுக்கி மறுபயன்பாட்டுக்கு உரியதாக இருந்தால், தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்து, உறையிட்டு ஆட்டோகிளேவ் செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கு உரியதாக இருந்தால், எந்தக் கரைசலிலும் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். அக்காவிடம் நேரில் வாதாட வேண்டாம். பிரிவுப் பொறுப்பாளர் வழியாகத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.