முதியோர் இல்லத்தில் ‘கொடுத்தாச்சு’ டிக்கைத் தவிர வேறு எதைப் பார்ப்பது?

கேள்வி: படுத்த படுக்கையில் 78 வயது அம்மா. இன்சுலின், தைராய்டு மாத்திரை, யூரின் ட்யூப் மூன்றும் உண்டு. இல்லத்து நோட்டில் எல்லா நாளும் டிக் இருக்கிறது. மாதம் ஒருமுறை போகிறவர்கள் எதை வைத்துச் சரிபார்க்கலாம்?

பதில் 1: நோட்டு அப்புறம், முதலில் முதுகு. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, தொட்டால் வலி, இவைதான் அடையாளம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், ராத்திரியிலும். ‘ஏர்பெட் இருக்கே’ என்று புரட்டாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், உடம்பு கையில் இடித்தால் காற்று போதாது. ஓட்டை வைத்த ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அதுவே நெரிக்கும்.

யூரின் பை இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையைத் தொடக்கூடாது. ட்யூப் போட்ட தேதியைக் கேளுங்கள். சிலிக்கான் என்றாலே 12 வாரம்தான், சாதா ரப்பர் அதற்கும் முன்பே மாற்ற வேண்டியது.

பதில் 2: மருந்துக்கு ஒரே வழி, அட்டையை எண்ணுவது. வாங்கியதில் மீதி எத்தனை, நோட்டில் டிக் எத்தனை என்று கணக்குப் பாருங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடணும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கு 4 மணி நேரம். இல்லங்களில் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டு இட்லியோடு கொடுத்துவிடுவார்கள். மருந்து சரியாக உடம்பில் சேராது; ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைவைக் காட்டும் அளவு) ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். வீண்.

இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று படியுங்கள். 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்.

பதில் 3: எடையை விட்டுவிட்டீர்கள். 50 கிலோ ஆள் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நிற்க முடியாதவருக்கு, மாதாமாதம் அதே கையின் மேல்பகுதிச் சுற்றளவை டேப்பில் அளந்தால் போதும். சாப்பாடு குறைந்தும் இன்சுலின் பழைய அளவிலேயே போனால், திடீர் வியர்வை, குழப்பம் என்று சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். ‘வயசாச்சு, பாட்டி உளறுது’ என்று விட்டுவிடுவார்கள். க்ளூக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.