கொரோலாவைக் கொடுத்துவிட்டு ஹைபிரிட் எடுத்தேன், வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

உப்புவெளி வாசி:

வணக்கம். ஐந்து மாதமாக மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன், இனிக் கேட்காமல் இருக்க முடியாது. எங்களிடம் 2003ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா 121 ஒன்று பதினொரு வருடம் இருந்தது. மகள் பிறந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான், அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பிறகு 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் கோட் வந்த காலத்தில் வாரத்துக்குக் கிடைத்த லீற்றரை வைத்து என்ன பாடுபட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போதே முடிவெடுத்துவிட்டேன், அடுத்தது பெற்றோலோடு பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட்தான் என்று. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் தொடங்கியபோது விசாரித்தேன், வரியோடு சொன்ன விலையைக் கேட்டதும் புதிது என்ற நினைப்பு போய்விட்டது. கடைசியில் கொழும்பில் ஒருவரிடம் இருந்த 2016 மொடல் ஹைபிரிட் காரை, கொரோலா விற்ற காசோடு லீசிங்கும் போட்டு எடுத்தேன். பத்திரகாளி அம்மன் கோவிலில் பூசை செய்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இருந்த சந்தோஷம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை.

முதலில் அம்மா. வயது 74, இரண்டு முழங்காலும் ஏலாது. பழைய காரில் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவிடுவார். இதில் சீற் தாழ்வு, பின்பக்கம் கூரையும் சரிந்து வருகிறது. ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உள்ளே போகும்போது ஒவ்வொரு முறையும் "அம்மாளே" என்பார். போன மாதம் கோணேஸ்வரம் போக வெளிக்கிட்டபோது, "நீங்கள் போயிட்டு வாங்கோ, எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டார். கோவிலுக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இரண்டாவது, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் நடந்தது. குருநாகலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வருகிறோம், பொழுதுபடுகிற நேரம், காருக்குள் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. வீதியோரக் குழியில் முன்சில்லு விழுந்தது, டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டயரின் பக்கச்சுவரில் என் சுண்டுவிரல் போகிற அளவு வெடிப்பு. டிக்கியில் பாயைத் தூக்கிப் பார்த்தால் ஸ்பெயார் சில்லு இல்லை! ஒரு சின்னக் காற்றுப் பம்பும் பசைப் போத்தலும்தான். அதை ஊற்றினேன், ஊற்றிய பசை முழுக்க வெடிப்பு வழியாக வெள்ளையாக வழிந்து வீதியில் ஓடியது. அது யானை கடக்கிற இடம், பலகை போட்டிருக்கிறார்கள். ஒன்றரை மணிநேரம் பிள்ளைகளைக் கண்ணாடியை இறக்கவிடாமல் வைத்திருந்தோம். ஒரு லொறிக்காரர் நிறுத்தி, சில்லைக் கழற்றி, என்னையும் ஏற்றிக் கந்தளாய்க்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு கடையிலும் என் டயர் அளவான 215/45ஆர்17 இல்லை. வீடு வந்து சேர இரவு ஒரு மணி.

மூன்றாவது, எதற்காக எடுத்தேனோ அந்தப் பெற்றோல். லீற்றருக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் என்று சொன்னார்கள். எனக்குக் கொழும்புப் பயணத்தில் 17தான் வருகிறது. வெயிலில் நிறுத்தி எடுத்தால் பின்னுக்கிருந்து உய்ங் என்று ஒரு சத்தமும் வருகிறது. றேடியோவில் திரையெல்லாம் ஜப்பான் எழுத்து, எங்கள் நிலையங்களில் பாதி பிடிக்கவில்லை.

நட்டத்துக்கு விற்றுவிட்டு மறுபடி ஒரு 121 தேடவா, இல்லை இதைத் திருத்தி வைத்திருக்கலாமா? இப்படி மாறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கந்தளாய் ஹயர்காரன்:

அண்ணா, டயர் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் கிழமைக்கு இரண்டு தரம் ஏ6 வீதியில் கொழும்பு போய்வருகிறவன் நான். நீங்கள் சொன்ன அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் அகலம் 215 மில்லிமீற்றர், அதில் 45 வீதம் என்றால் பக்கச்சுவர் 97 மில்லிமீற்றர் வரும். பழைய 121இல் 185/70ஆர்14 போட்டிருந்தீர்கள் என்றால் அது கிட்டத்தட்ட 130. அந்த மூன்று சென்ரிமீற்றர் ரப்பரும் காற்றும்தான் இத்தனை வருடம் குழியின் அடியை வாங்கிக்கொண்டது. இப்போது அந்த அடி நேராக றிம்மில் விழுகிறது, நடுவில் நசுங்குகிற டயர் வெடிக்காமல் என்ன செய்யும்.

17 அங்குல றிம் என்பது அந்த மொடலின் கூடிய கிரேட்டில் வருவது. என்னுடைய மச்சானிடம் அதேபோல ஒன்று இருந்தது, குறைந்த கிரேட்டுக்குக் கம்பனியே 195/65ஆர்15 கொடுத்திருந்தது. அதற்கு மாறினால் பக்கச்சுவர் 127 ஆகிவிடும், சில்லின் மொத்த உயரம் ஒன்றரை வீதம்தான் கூடும், மீற்றர் பெரிதாக மாறாது. கிண்ணியாவிலும் கிடைக்கும், கந்தளாயிலும் கிடைக்கும், தம்புள்ளையில் நடுராத்திரியும் கிடைக்கும். ஆனால் சில்லுக்குள் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற கலிப்பருக்கு 15 அங்குல றிம் இடிக்காமல் சுற்றுகிறதா என்று ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

பசைப் போத்தல் ஆணி குத்திய ஓட்டைக்குத்தான். பக்கச்சுவர் வெடித்தால் எந்தப் பசையும் நிற்காது. டிக்கியில் இடம் போனாலும் பரவாயில்லை, ஒரு முழுச் சில்லும் ஜாக்கும் போட்டுப் பட்டியால் கட்டி வையுங்கள். அப்புறம், ஹபரணை தாண்டும்போது ஆறு மணிக்கு மேல் ஆகிறமாதிரி வெளிக்கிடாதீர்கள். குடும்பத்தோடு போனால் நான் தம்புள்ளையில் தங்கிவிடுவேன், யார் என்ன சொன்னாலும்.

கிண்ணியா ஆசிரியை:

தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை வாசித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது, என் உம்மாவும் இதே நிலையில் இருந்தவர். நாங்களும் வான் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு புதிய கார் எடுத்தோம், சிறிய டர்போ இன்ஜின், ஆயிரம் சிசிக்குள் வரி குறைவு என்று எல்லோரும் எடுத்த காலம். பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள், கணவர் கிலோமீற்றரைப் பார்த்தார், உம்மாவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. விற்கிறவர் முன்னால் வயசாளியை ஏற்றிப் பார்க்க வெட்கப்படுகிறோம், ஆனால் அதுதான் முதலில் பார்க்கவேண்டியது.

எங்களுக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன். அம்மாவைப் பின்னுக்கு ஏற்றாதீர்கள், முன் சீற்றைக் கொடுங்கள். அங்கே கூரை சரிவதில்லை. சீற்றை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி, சாய்மனையைக் கொஞ்சம் படுக்கவைத்து, உயர்த்துகிற பிடி இருந்தால் முழுதாக உயர்த்துங்கள். மேலே இறுக்கமான தலையணை ஒன்று, மெத்தென்றது வேண்டாம், அது இன்னும் அமிழ்த்தும். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டால், முதலில் பின்புறமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துத் திரும்பும்போது உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்பும், முழங்காலுக்குப் பாரம் வராது. உட்கார்ந்ததும் பையை உருவி எடுத்துவிடுங்கள், ஓடும்போது வழுக்கக்கூடாது. வண்டியை நிறுத்தும்போது சில்லு தாழ்வான மண்ணிலும் அம்மா நிற்கிற பக்கம் கொங்கிரீற் மேட்டிலும் இருக்கக்கூடாது, அப்படி நிறுத்தினால் சீற் இன்னும் தாழ்வாகத் தெரியும். நாங்கள் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தது.

விற்கச் சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை செய்தும் அம்மாவுக்கு ஏலாது என்றால் அந்தக் காரை வைத்திருக்காதீர்கள்.

பழைய மெக்கானிக், திருமலை:

முப்பது வருடம் கராஜ் வைத்திருந்தவன் சொல்கிறேன். உங்கள் பதிவில் மற்ற எல்லாவற்றையும்விட அந்த உய்ங் சத்தம்தான் என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது. அது ஹைபிரிட் பற்றரியைக் குளிராக்கும் காற்றாடி. அது காரின் உள்ளே இருக்கிற ஏசிக் காற்றை இழுத்துத்தான் பற்றரிக்குக் கொடுக்கிறது. பின் சீற்றின் பக்கவாட்டிலோ அடியிலோ வலைபோட்ட ஒரு துவாரம் இருக்கும், தேடிப் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடுகிற கார்களில் அந்தத் துவாரம் மணலாலும் துணிப் பஞ்சாலும் அடைத்துப்போய் இருப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சில வீடுகளில் பையையும் தலையணையையும் அதற்கு முன்னால் வைத்துவிடுவார்கள். காற்று வராவிட்டால் பற்றரி சூடாகும், சூடானால் கணினி அதிலிருந்து சக்தி எடுப்பதையும் அதில் ஏற்றுவதையும் குறைத்துவிடும், மிச்ச வேலை முழுவதையும் பெற்றோல் இன்ஜின் செய்யவேண்டி வரும். 17க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வலையைக் கழற்றி வடிகட்டியைத் தூசி உறிஞ்சியால் எடுங்கள், கம்பிரசர் காற்றை உள்ளே அடிக்கவேண்டாம், தூசி பற்றரிக்குள் போகும். அதற்கு உள்ளே செம்மஞ்சள் நிற வயர்கள் இருந்தால் அதைத் தொடாதீர்கள், இருநூறு வோல்ற்றுக்கு மேல் இருக்கும். அந்த இடத்துக்கு ஹைபிரிட் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

முப்பது என்ற கணக்கு ஜப்பானில் ஜேசி08 என்ற சோதனை முறையில் எடுத்தது. உண்மை வீதியில் அது வராது, அங்கேயே 2018க்குப் பிறகு டபிள்யூஎல்ரிசி என்று வேறு முறைக்கு மாறி எண்ணும் குறைந்தது. இன்னொன்று, ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது நின்று நின்று போகிற ரவுன் ஓட்டத்தில், பிரேக் பிடிக்கிறபோது திரும்பி ஏறுகிற சக்தியில்தான். கந்தளாய் தாண்டி ஒரே வேகத்தில் எழுபதில் போகும்போது பிரேக்கே இல்லை, திரும்பிக் கிடைப்பதற்கு ஒன்றும் இல்லை. கொழும்பு நெரிசலில் ஓடினவர் சொன்ன கணக்கு திருமலைக்கு வராது. ஆனாலும் எழுபதில் இருபதுக்கு மேல் வரவேண்டும். டயர் காற்றையும் சூடாகுமுன் பாருங்கள்.

றேடியோ பழுது இல்லை. ஜப்பான் எப்எம் 76இல் தொடங்கி 95க்குள் முடிகிறது, நம்முடையது 88இலிருந்து 108 வரை, அதனால்தான் மேல் பாதி பிடிக்கவில்லை. ஏரியல் வயரில் பூட்டுகிற ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், அது போதும். அதைச் சொல்லி முழு செற்றையும் மாற்றவைக்கிற ஆட்கள் உண்டு, மாற்றவேண்டாம்.

சாம்பல்தீவு:

நான் வேறுமாதிரிச் சொல்லுவேன். மறுபடி 121 தேடுவது பிழை. நான் போன வருடம் அதைத்தான் செய்தேன். இருபது வருடக் கார், நமது கடல் காற்றில் அடித்தகடு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மேலே புதுப் பெயின்ற், தூக்கிப் பார்த்தால் சில்லுக் கூட்டின் ஓரமெல்லாம் பிஸ்கற் மாதிரி உடைகிறது. நீங்கள் நினைத்து ஏங்குவது உங்களுடைய அந்த ஒரு காரை, பதினொரு வருடம் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்ததை. வேறொருவன் வைத்திருந்த 121 அதுவாகாது.

உப்புவெளி வாசி:

எல்லோருக்கும் நன்றி, உடனே எழுதமுடியவில்லை. மெக்கானிக் ஐயா சொன்ன துவாரம் பின் சீற்றுக்குக் கீழே இருந்தது, இத்தனை நாளும் பிள்ளைகளின் கடற்கரைப் பையை அதற்கு முன்னால்தான் வைத்துவந்திருக்கிறோம். வலையைக் கழற்றியபோது வடிகட்டி முழுக்க சாம்பல் நிறப் பஞ்சு, கம்பளித் துண்டுபோல உரித்தெடுக்க வந்தது, அதற்குள் மணல், தலைமயிர், ஒரு ரொபித் தாள். சுத்தம் செய்து, டயர் காற்றும் சரிபார்த்துக் கொழும்பு போய்வந்தேன், 20.8 வந்தது. சத்தமும் வெயிலில் நின்ற பிறகு கொஞ்ச நேரம் மட்டும்தான்.

அம்மா வெள்ளிக்கிழமை கோணேஸ்வரம் போக முன் சீற்றில் ஏறினார். பிளாஸ்டிக் பை வேலை செய்கிறது அக்கா, காலைத் திருப்பும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. கோட்டை வாசல் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொல்லி மான்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்குவதுதான் இன்னும் கஷ்டம், அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

15 அங்குல றிம் ஒன்றைக் கடன்வாங்கிப் போட்டுப் பார்த்தேன், கலிப்பருக்கு இடிக்கவில்லை. திருமலைப் பக்கம் யாரிடமாவது நாலு றிம் நல்ல நிலையில் இருந்தால் அறியத்தாருங்கள், ஸ்பெயாருக்கு ஐந்தாவது இருந்தால் இன்னும் நல்லது.