பதவிசு என்னும் சொல்லின் வேர் எது?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கும்பகோணத்துக்கு அருகே என் பாட்டி வீட்டில் அன்றாடம் புழங்கி, இன்று என் தலைமுறையில் யாரும் சொல்லாத ‘பதவிசு’ என்ற சொல்லின் பிறப்பை அறிய விரும்புகிறேன். பந்தியில் சாம்பார் வாளியை ஓசைப்படாமல் தரையில் வைத்து, குனிந்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறும் பெண்ணைக் கண்டால், “என்ன பதவிசு பார்!” என்பார் பாட்டி. அடக்கம் மட்டுமன்று, மென்மையும் இடமறிந்த நடத்தையும் அதில் சேர்ந்திருந்தன. (ஆண்பிள்ளைகளை அப்படிப் பாராட்டி நான் கேட்டதே இல்லை என்பது வேறு கதை.)

‘பவ்யம்’ இதற்கு ஈடாகாது. வடமொழியிலிருந்து வந்த அச்சொல் இந்தியில் பிரம்மாண்டத்தையும் தமிழில் கைகட்டி வாய்பொத்தி நிற்பதையும் குறிப்பது விந்தைதான்.

என் ஊகம், ‘பதம்’ என்பதே வேராக இருக்கலாம் என்பது. வெல்லப்பாகுக்கும் நாற்றங்கால் சேற்றுக்கும் பதம் பார்க்கும் ஊர் எங்களுடையது. பண்புடைமையைச் சொல்லும் 991ஆம் குறளிலும் ‘எண்பதம்’, அதாவது அணுகுவதற்கு எளிய தன்மை, வருகிறது. ஆனால் ‘இசு’ என்ற ஈறுதான் இடிக்கிறது. தெலுங்குச் ‘சொகசு’ நம்மிடம் சொகுசாகவும், உருது ‘ஜின்ஸ்’ தினுசாகவும் ஆனதைப் போல, நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சையில் இதுவும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா? தெலுங்கோ மராத்தியோ அறிந்தவர்கள் ஒத்த சொல் இருந்தால் சொல்லுங்கள். திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து அன்பர்கள், தங்கள் வீடுகளில் இச்சொல் ஆண்களுக்கும் வழங்கியதா என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.